உமியில் ஒரு குழி

தட்டாதீங்க தாயி, இருக்கட்டும். வேட்டியில ஒட்டினது ஒட்டினபடியே வரட்டும். வீட்டுல போய் உக்காந்து எடுத்துக்கிறேன். முள்ளு இல்ல இது, புல்லு விதை. குத்தும், ஆனா ஒண்ணும் செய்யாது.

டயரு மாத்த முக்கா மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்லிட்டாரு. நீங்க சின்னமனூர்ல எறங்கணுமா? நான் மதுரை. செல்லூரு. மலை மேல எனக்குச் சொந்தம்னு யாரும் இல்ல. புல்லு பாக்க வந்தேன். சிரிங்க, தப்பில்ல. காலையில ஏறுறப்ப கண்டக்டரும் சிரிச்சாரு. மாட்டுக்கான்னு கேட்டாரு.

நான் புல்லு வரையிறவன் தாயி. மலைப்புல்லு மட்டும் நானூத்திப் பன்னெண்டு வரைஞ்சிருக்கேன். உங்களுக்குப் புல்லுன்னா எல்லாம் ஒண்ணுதான். முப்பது வயசு வரைக்கும் எனக்கும் அப்படித்தான். அப்ப நான் கடைகளுக்கு போர்டு எழுதிட்டிருந்தேன். ஒரு காலேஜ்ல, பேரு வேண்டாம், ரூமுக்கு ரூம் பேரு எழுதக் கூப்பிட்டாங்க. ஒரு கதவுல எழுதிட்டிருக்கையில உள்ள இருந்து ஒருத்தர் வந்து பின்னாடி நின்னாரு. எழுத்தோட வாலை இழுத்து நான் முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. முடிச்சதும், மூச்சை எப்ப விடுவீங்கன்னு கேட்டாரு. கோடு முடிஞ்ச பெறகு சார்னேன். அடுத்த வாரமே வேலைக்கு எடுத்துக்கிட்டாரு.

அவர்தான் தேவசித்தம் சார். தாவரவியல் பேராசிரியர். கல்யாணம் பண்ணிக்கல. பசுமலையில தங்கச்சி எஸ்தரம்மா வீட்டுல இருந்தாரு. லீவு விட்டா மலை ஏறிருவாரு. புல்லைப் பறிச்சு, பேப்பருக்கு நடுவுல வச்சுக் காயவிட்டு, அட்டையில ஒட்டி, எந்த மலை, எந்தச் சரிவு, என்ன தேதின்னு கீழ லேபிள் எழுதுவாரு. அந்தக் காஞ்சதைப் பாத்துத்தான் நான் வரையணும். புல்லுல ஒரு மணி இருக்குமில்ல, நெல்லு மணி மாதிரி, ஆனா எள்ளைவிடச் சின்னது. அதைத் தண்ணியில ஊற வச்சு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில ஊசியால உமி உமியாப் பிரிச்சு, ஒவ்வொரு உமிக்கும் ஒரு படம். எத்தனை நரம்பு, எங்கெங்க முடி, அந்த முடி நேரா, வளைஞ்சா. எல்லாம் வேணும்.

ஃபேன் போடக் கூடாது. போட்டா மணி பறந்துரும். சித்திரை மாசத்து மதுரையில ஃபேன் இல்லாம ரெண்டு ஆம்பளைங்க ஒரே ரூமுல. அந்துருண்டை வாசம். பேச்சு கெடையாது. கைக்கு அடியில ஒரு துண்டு, வேர்வை படத்துல சொட்டிறக் கூடாதுன்னு. இருபத்திரெண்டு வருசம் தாயி. எம் பொஞ்சாதி வெள்ளத்தாயிகூட அம்புட்டு நேரம் நான் ஒரே ரூமுல இருந்ததில்ல. அவளே சொல்லுவா.

சார் எனக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். "பாத்ததை வரை. தெரிஞ்சதை வரையாத." அவ்வளவுதான். வேற பாடம் எதுவும் நடத்தல.

இன்னைக்கு நான் பாக்க வந்த புல்லுக்கு வாரேன். இந்த மலையில மூணு பங்காளிப் புல்லு இருக்கு. ஒரே குடும்பம், தள்ளி நின்னு பாத்தா மூணுக்கும் ஒரே மூஞ்சி. மூத்தது ரோட்டோரம் பூரா இருக்கும். அதுக்குத் தண்டுல கணுவுக்குக் கணு வெள்ள முடி வளையமா நிக்கும், மூணு நாள் தாடி மாதிரி. ரெண்டாவது மலையில மட்டும். கணு மொட்டையா இருக்கும், கதிருல செம்பட்டை முடி. மூணாவதா ஒண்ணு இருக்குன்னு அப்ப யாருக்கும் தெரியாது. அதுக்கும் கணு மொட்டை, அதே செம்பட்டை முடி. அதனால சார் அதை ரெண்டாவதுன்னே லேபிள்ல எழுதி வச்சிருந்தாரு. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க. அதை நான் குத்தமாச் சொல்லல.

இந்தக் குடும்பத்துக்கு மணி சோடி சோடியா இருக்கும். ஒண்ணு தண்டோட ஒட்டி உக்காந்திருக்கும், இன்னொண்ணு காம்பு மேல நிக்கும். அந்த மூணாவதுல மட்டும், உக்காந்திருக்கிற மணியோட வெளி உமியில, சரியா நடுவுல, ஒரு குழி. குண்டூசி நுனியால லேசா ஒரு அமுக்கு அமுக்கின மாதிரி. மொத மணியில பாத்தப்ப பூச்சி கடிச்சிருக்கும்னு நெனச்சேன். இன்னொரு மணி எடுத்தேன், இருந்துச்சு. அஞ்சு மணி பிரிச்சுப் பாத்தேன். அஞ்சுலயும் அதே எடத்துல. பூச்சி அளந்து வச்சா கடிக்கும்? வரைஞ்சேன். ஒரு சின்ன வட்டம், நெழலுக்கு மூணு புள்ளி.

உமியில குழி இருக்கு சார்னு சொன்னேன். சார் வந்து மைக்ராஸ்கோப்புல குனிஞ்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. தலையை அங்கிட்டுச் சாய்ச்சாரு, இங்கிட்டுச் சாய்ச்சாரு. ஓரத்து முடியெல்லாம் எண்ணி, பதினாலு, சரியாத்தான் வரைஞ்சிருக்கன்னாரு. பெறகு நிமிந்து, "குழி இல்ல மாயழகு"ன்னாரு.

"நடுவுல பாருங்க சார்."

"பாத்துட்டேன். எடுத்திரு."

அவரு படிச்சவரு. நான் எட்டாங் கிளாஸ். பிளேடைப் பாதியா முறிச்சு, அந்த வட்டத்தையும் மூணு புள்ளியையும் அட்டையில இருந்து சொரண்டி எடுத்தேன். மேல நகத்தால தேய்ச்சு மட்டமாக்கினேன். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத்தான் வடு தெரியும். எனக்கு அன்னைக்கும் கோபம் வரல. சாப்பாடு எறங்கல, அது வேற.

புஸ்தகம் வந்துச்சு. கனமான புஸ்தகம். மொதப் பக்கத்துல படங்கள் மாயழகுன்னு தனி வரியாப் போட்டிருந்தாங்க. வெள்ளத்தாயி தெருவுல எட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினா. ஆறு வருசம் ஓடுச்சு. நாங்க அடுத்த பாகத்துக்கு வேலை பாத்துட்டிருந்தோம். அப்ப பூனாவுல இருந்து ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா இந்த மலைக்கு வந்து, அதே சரிவுல அதே புல்லைப் பறிச்சு, இது ரெண்டாவது இல்ல, இது புதுசுன்னு எழுதிட்டாங்க. அடையாளம் என்னன்னா உமியில குழி. எங்க டிபார்ட்மெண்ட் லெக்சரர் ஒருத்தர் அந்தக் கட்டுரையை எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னாரு. நல்ல கட்டுரை. நடுவுல ஒரு வரி. முந்தி வந்த புஸ்தகத்துல இந்தப் புல்லோட படம் இருக்கு, ஆனா வரைஞ்சவர் குழியைக் கவனிக்கத் தவறிட்டார்.

திரும்பப் படிங்க சார்னேன். படிச்சாரு.

தவறிட்டார். தாயி, நீங்க எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸுன்னு சொன்னீங்க. நீங்க ஊசி போட்டு, டாக்டர் அதைச் சீட்டுல இருந்து அடிக்கச் சொல்லி, பெறகு ஊரே நீங்க போட மறந்துட்டீங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்?

சார்கிட்டப் போனேன். "நான் பாத்தேன், நீங்க எடுக்கச் சொன்னீங்க. அதை ஒரு வரி எழுதிப் போடுங்க சார்"னேன். அவரு எம் மூஞ்சியைப் பாக்கல. என் தோளுக்கு அந்தப் பக்கம் பாத்தாரு. அந்தக் கடைசி ரெண்டு மூணு வருசமா அப்படித்தான். யாரோ பக்கத்துல நிக்கிறவங்ககிட்டப் பேசுற மாதிரி, கோழி பாக்கிற மாதிரி ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பேசுவாரு. புஸ்தகம் வந்த பெறகு பெரிய ஆளாயிட்டாரு, போர்டு எழுதுறவன் மூஞ்சி எதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். "எழுதுறேன், கொஞ்சம் பொறு"ன்னாரு.

ரெண்டு மாசம் பொறுத்தேன். அவரு எழுதல. ஒரு நாள் மத்தியானம், அவரு சாப்பிடப் போன நேரம், படங்க வைக்கிற பீரோவைத் தொறந்து அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எங் கையி வரைஞ்சது, எனக்கில்லாத உரிமையா? சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்து, சொரண்டின எடத்துல வட்டத்தையும் மூணு புள்ளியையும் திரும்ப வச்சேன். அப்பத்தான் மனசு ஆறுச்சு. அதுக்கப்புறம் காலேஜ் பக்கம் போகல. பைக்குக்கு நம்பர் எழுதினேன். கோபம்லாம் இல்ல. நான் ஒரு எடத்தை விட்டா விட்டதுதான், என் சுபாவம் அது.

பெறகு வந்த ஒம்பது வருசத்துல சார் மூணு தடவை வீட்டுக்கு வந்தாரு. மூணு தடவையும் நான் உள் ரூமுல இருந்தேன். வெள்ளத்தாயிகிட்ட, நான் இல்லைன்னு சொல்லிருன்னேன். அவளும் சொன்னா. சொல்ல அவளுக்குப் பிடிக்கல. மொதத் தடவை காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது தடவை ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் கட்டில்ல உக்காந்து அவரு இருமுறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். மூணாவது தடவை போன பெறகு வெள்ளத்தாயி உள்ள வந்து நின்னா. "ஏங்க, அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலங்க. வாசல்ல செருப்பைத் தடவித் தடவித்தான் எடுத்தாரு. ஆட்டோவரைக்கும் நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்"னா. வயசானா எல்லாருக்கும் வாரதுதானன்னேன்.

அவ போய் ரெண்டு வருசமாச்சு. ஆஸ்பத்திரியில இருக்கையிலகூட, அந்த சாரை ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்னு சொன்னா. சரின்னேன். போகல. அவ இல்லாத வீட்டுல, யாரு வந்தாலும் நான் இல்லைன்னு சொல்ல ஆளு கெடையாது. யாரும் வரவுமில்ல.

புரட்டாசியில பேப்பர்ல பாத்தேன். சார் தவறிப்போய் பத்து நாளாயிருந்துச்சு. அன்னைக்கே கெளம்பி பசுமலைக்குப் போனேன். எஸ்தரம்மாதான் கதவைத் தொறந்தாங்க. என்னை நேர்ல பாத்ததில்ல அவங்க, ஆனா பேரு சொன்னதும் உக்காருங்கன்னாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. தண்ணி குடுத்தாங்க.

சாருக்குக் கண்ணு எப்ப இருந்து தெரியலன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல. வேற என்ன கேக்கன்னும் தெரியல.

"அது ரொம்ப வருசமாச்சே. புஸ்தகத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு"ன்னாங்க. "டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியும், எதை நேராப் பாக்கிறாரோ அந்த நடு எடம் மட்டும் மறைஞ்சு போகும்னு. ஆளு மூஞ்சியைப் பாக்கணும்னாக்கூட அண்ணன் பக்கத்துல எங்கயாவதுதான் பாக்கணும். காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா மைக்ராஸ்கோப்பைத் தொட விட மாட்டாங்கன்னு."

தாயி, ஒரு உமி ஓரத்துல பதினாலு முடியா பதினஞ்சு முடியான்னு பாத்துச் சொல்றவன் நான். ரெண்டு முழம் தள்ளி ஒரு மனுசன் இத்தனை வருசம் கண்ணு தெரியாம உக்காந்திருந்திருக்காரு. எனக்குத் தெரியல.

எஸ்தரம்மா உள்ள போய் ஒரு கவர் கொண்டுவந்தாங்க. சார் சொல்லச் சொல்ல அவங்க எழுதினது. அந்தக் கட்டுரை வந்த பத்திரிகைக்கு. குழியை மொதல்ல பாத்தது மாயழகு, அதை அழிக்கச் சொன்னது நான், அப்ப எனக்குப் பார்வை சரியில்ல, அதை நான் மறைச்சிட்டேன். அவ்வளவுதான், அஞ்சாறு வரி. கீழ கையெழுத்து, கோட்டுக்கு மேலயும் கீழயுமா ஏறி எறங்கி. அந்தக் கடுதாசியோட மூலப் படத்தையும் அனுப்பினாத்தான் நம்புவாங்களாம். சொரண்டின வடு இருக்குமில்ல, அதுதான் சாட்சி. அந்தப் படத்தைக் கேட்டுத்தான் சார் மூணு தடவையும் வந்திருக்காரு.

"நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னு அவருக்குத் தெரியும்"னாங்க எஸ்தரம்மா. "செருப்பைத் தேடுறப்ப ஆம்பளச் செருப்பு ரெண்டு சோடி கையில பட்டுச்சாம். மாயழகு செருப்பு இல்லாம வெளிய போக மாட்டான்னு வந்து சொன்னாரு. ஏன் கூப்பிடலன்னு கேட்டேன். அவனா வரட்டும்னாரு."

படத்தை எடுத்துட்டு வாரேன்னு வீட்டுக்கு வந்தேன். வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். சொரண்டின அட்டையில மை நிக்காது தாயி. ஓரம் பிசிறிப் பரவும். எங் கோடு எல்லாம் கத்தியால கீறின மாதிரி இருக்கும், அந்தக் குழி மட்டும் ஊறிப்போய், கறை மாதிரி நின்னுச்சு. தொழில் தெரிஞ்ச யாரு பாத்தாலும் இது பின்னால வச்சதுன்னு சொல்லிருவாங்க. வடுவும் போச்சு. கட்டுரை வந்த பெறகு உக்காந்து திருத்தியிருக்கான்னுதான் தோணும். சாட்சியை நானே அழிச்சிருக்கேன், மனசு ஆறணும்னு.

மறுநாள் வெறுங்கையோட போனேன். படம் கெட்டுப்போச்சும்மான்னேன். அவங்க கவரை எடுத்து வந்து, "பரவாயில்ல, அண்ணன் கையெழுத்து இருக்கு. இதை மட்டும் அனுப்பறேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்"னாங்க.

ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் ஒம்பது வருசம் நான் உள் ரூமுல உக்காந்திருந்தேன். நீட்டுறாங்க. வாங்கிக்க வேண்டியதுதான்.

ஆனா அது அச்சுல வந்தா என்ன ஆகும்? கண்ணு தெரியாதவர் எழுதின புஸ்தகம்னு ஆயிரும். குழி ஒண்ணுதானா, வேற எத்தனை தப்போன்னு கேப்பாங்க. அவரு முப்பது வருசம் மலை மலையா ஏறி எறங்கினது பூராவும் சந்தேகமாயிரும். எம் படமும் சேந்துதான். அதனால, அனுப்ப வேண்டாம்மா, இருக்கட்டும்னேன். அவருக்காகத்தான் சொன்னேன். என் படத்துல மை பரவினதை யாரும் பாக்கக் கூடாதுங்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அவங்க கவரை மடியில வச்சுக்கிட்டு, "நல்லா யோசிச்சுத்தான சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிக்க என்னம்மா இருக்குன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வீடு வந்து சேர்றதுக்குள்ள நாலு தடவை திரும்பிப் போகலாமான்னு நெனச்சேன்.

ஆக, வரைஞ்சவர் கவனிக்கத் தவறிட்டார். அப்படியே இருக்கட்டும். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, உங்களுக்குப் புல்லும் தெரியாது, அவரையும் தெரியாது. சின்னமனூர்ல எறங்கினா மறந்துருவீங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல முடியாது பாருங்க. சொல்ல ஆளும் இல்ல.

இன்னைக்கு எதுக்கு வந்தேன்னா, அந்தப் புல்லு நின்னு நான் பாத்ததே இல்ல. நானூத்திப் பன்னெண்டும் நான் பாத்தது காஞ்சு, அட்டையில படுத்துக் கெடந்ததுதான். சார் வருசா வருசம் கூப்பிடுவாரு. வா மாயழகு, ஒரு தடவை காத்துல நிக்கிறப்பப் பாருன்னு. எனக்கு மலைப்பாதையில வாந்தி வரும், வேண்டாம் சார்னுருவேன். காலையிலயும் வந்துச்சு, ரெண்டு தடவை.

லேபிள்ல இருந்த எடம் எனக்கு மனப்பாடம். ரெண்டாவது டீ ஃபேக்டரி தாண்டி, மேக்குப் பாத்த சரிவு, பெரிய பாறைக்குக் கீழ. பாறை இருந்துச்சு. சரிவு பூராப் புல்லு, இடுப்பு உசரம். ஆனா தாயி, எனக்கு ஒண்ணும் அடையாளம் தெரியல. நான் வரைஞ்சது எல்லாம் காவி நிறம். இது ஊதாவா, பச்சையா, வெயில் பட்ட எடத்துல செப்புக் கம்பி மாதிரி. ஒரு நிமிசம் ஒரு எடத்துல நிக்கல, காத்து இந்தப் பக்கம் தள்ளுது, அந்தப் பக்கம் தள்ளுது. பங்காளி மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து நிக்குது. சரி, தொழில் இருக்கேன்னு உக்காந்துட்டேன். ஒவ்வொரு தண்டா கணுவைத் தடவிப் பாத்தேன். தாடி இருந்தா மூத்தது, விட்டுரு. மொட்டையா இருந்தா கதிரைப் பாரு. செம்பட்டை இருந்தா மணியை எடு. உக்காந்திருக்கிற மணி, வெளி உமி. பையில லென்ஸ் வச்சிருந்தேன். மொத பதினோரு மணியில இல்ல, எல்லாம் ரெண்டாவது.

பன்னெண்டாவதுல இருந்துச்சு.

பச்சை உமியில அது இன்னும் நல்லாத் தெரியுது. குழிக்குள்ள தண்ணி நின்ன மாதிரி ஒரு மினுக்கம். காஞ்சதுல அது தெரியாது, நான் வரைஞ்சதுலயும் இல்ல. பாத்தேன். நல்லாப் பாத்தேன். பாத்து முடிச்சதும் ஒரு கையில மணியைப் புடிச்சபடியே லென்ஸை வலது பக்கம் நீட்டினேன். இருபத்திரெண்டு வருசப் பழக்கம் அது. நான் பாத்ததும் நீட்டுவேன், நிமிந்துகூடப் பாக்க மாட்டேன், சார் வாங்கிக்குவாரு.

கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தேன். பெறகு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எறங்கி வந்துட்டேன்.